பத்து அங்குல மைட்டர் ரம்பம்: வீட்டுப் பட்டறைக்கான ஒரு மதிப்புரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், வீட்டின் முன்புறப் போர்ச்சில் ஒரு மேசையைப் போட்டுத் தச்சு வேலை பார்ப்பவர்கள் கைக்கு எட்டக்கூடிய விலையில் இப்போது கிடைக்கும் மைட்டர் ரம்பங்களுள் (பிளேடை மேலிருந்து இறக்கி மரத்தை நேராகவோ கோணத்திலோ குறுக்கே அறுக்கும் மின் ரம்பங்களுள்) ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. பிளேடும் மோட்டாரும் அடங்கிய தலையை முன்னும் பின்னும் நழுவவிடும் தண்டுகள் கொண்டது, 255 மி.மீ. பிளேடு, 1800 வாட் மோட்டார், விலை 700 ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. இயந்திரத்தின் பெயரை வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. இதே வார்ப்பும் இதே கைப்பிடியும் கொண்ட ரம்பம் நிறத்தையும் ஒட்டுத்தாளையும் மாற்றிக்கொண்டு பல பெயர்களில் இணையக் கடைகளிலும் ஹார்ட்வேர் கடைகளிலும் விற்கப்படுவதால், இங்குச் சொல்லப்படுபவை பெரும்பாலும் அந்த வகை முழுவதற்கும் பொருந்தும்.

இத்தகைய இயந்திரத்தை வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது மோட்டார் எத்தனை வாட் என்பதைத்தான். வீட்டு வேலைக்கு 1500 வாட்டும் போதும், 1800 வாட்டும் போதும். விரல்களுக்கு ஊறு நேராமல் வேலை முடிய வேண்டுமானால் கேட்க வேண்டியவை வேறு இரண்டு: வெட்டும்போது மரத்தை அசையாமல் நிறுத்தி வைக்க இயந்திரம் எந்த அளவுக்கு உதவுகிறது, விசையை (சுவிட்சை) விட்ட பிறகு பிளேடு எவ்வளவு விரைவில் நிற்கிறது. முதல் கேள்வியில் இந்த ரம்பம் பாதி மதிப்பெண் பெறுகிறது. மீதிப் பாதியை நாம் கூடுதலாகச் செலவழித்து ஈட்ட வேண்டியிருக்கிறது. இரண்டாவது கேள்வியில் அது தேறவில்லை.

நான் இதில் செய்யும் வேலைகள் எளியவை: சாமிப் படங்களுக்குச் சட்டம், சாமிமேடை, செருப்பு அடுக்கு, செல்லரித்த கதவு நிலைக்கு மாற்றுத் துண்டு. மரமும் இந்த வட்டாரத்தில் கிடைப்பதுதான். சிறு துண்டுகளை விரல் கோத்தாற்போல் இணைத்து ஒட்டிய ரப்பர் மரப் பலகைகள், மெராந்திச் சட்டங்கள், அவ்வப்போது பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் செங்கால் மரத் தூண்கள். பால் குறைந்து மறுநடவுக்காக 25, 30 ஆண்டுகளில் வெட்டப்படும் பால்மரம், அதாவது ரப்பர் மரம், ஒரு காலத்தில் அடுப்புக்கும் ரப்பர் தாள்களை உலர்த்தும் புகைக்கூண்டுக்கும் போன விறகு. இன்று அதை மருந்தேற்றி, உலர்த்தி மேசை நாற்காலிகளாக ஏற்றுமதி செய்கிறார்கள். மென்மையாகவும் இல்லாமல் மிகக் கடினமாகவும் இல்லாமல் வெட்டுக்கு இணங்கிவரும் இந்த மரத்தில் பழகுவது புதியவர்களுக்கு நல்லது. செங்கால் அப்படியன்று. ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்கும் மேல் எடையுள்ள அந்த மரத்தில் ரம்பத்தின் குறைகள் எல்லாம் வெளிப்பட்டுவிடும்.

மைட்டர் ரம்பத்தின் பிளேடு, நமக்கு எதிரே இருக்கும் முன்பக்கப் பற்கள் கீழ்நோக்கி இறங்கும் திசையில் சுழல்கிறது. மரத்துக்குள் இறங்கிய பல் மரத்தை மேசையை நோக்கி அழுத்தி, பின்புறம் நிற்கும் ஃபென்ஸ் என்ற தடுப்பை நோக்கித் தள்ளுகிறது. ஆகவே மரம் மேசையிலும் ஃபென்ஸிலும் ஒட்டி நின்றால் பிளேடின் அழுத்தமே அதை இருக்குமிடத்தில் இருத்திவிடும். இரண்டில் ஏதேனும் ஒன்றில் இடைவெளி இருந்தால், அந்த இடைவெளியைக் கடக்கும் வேகத்தில் மரம் இழுக்கப்படும்; அதைப் பிடித்திருக்கும் கையும் உடன் இழுக்கப்படும். ஃபென்ஸ் இல்லாமல் மரத்தைக் கையில் பிடித்தவாறே வெட்டுவது இந்த இயந்திரத்தில் எந்தச் சூழலிலும் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த ரம்பத்தின் ஃபென்ஸ் உயரம் குறைவானது. இடம், வலம் என இரண்டு பகுதிகளாக வார்க்கப்பட்டிருக்கிறது. நீளமான இரும்பு அளவுகோலை இரண்டின்மேலும் வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. வலப் பகுதி மயிரிழை அளவு பின்தங்கியிருக்கிறது. விலைக்கு இது எதிர்பார்க்கக்கூடியதுதான், ஆனால் சரிசெய்யாமல் விடக்கூடியதன்று. ஃபென்ஸின் பின்புறம் துளைகள் கொடுத்திருக்கிறார்கள். அவற்றின் வழியே திருகாணி இட்டு, வளைவில்லாத 12 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றை இரு பகுதிகளுக்கும் குறுக்கே முன்புறம் பொருத்திவிட்டால், ஃபென்ஸ் நேராகிறது, உயரமாகிறது, பிளேடு செல்லும் பிளவைத் தவிர நடுவில் வேறு இடைவெளி இல்லாமலும் போகிறது. சிறு துண்டு அந்த இடைவெளிக்குள் சாய்ந்து பல்லில் சிக்கித் தெறிப்பது பெருமளவு குறைவதற்கு இந்தப் பலகையே காரணம். ரம்பத் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து வெட்டும் வேலைக்கு மட்டும் இதைக் கழற்றிவிட வேண்டும். திருகாணிகளின் தலை பிளேடு வரும் பாதையிலிருந்து தொலைவில் இருக்க வேண்டும்.

பெட்டியோடு வரும் கிளாம்ப், அதாவது மரத்தை மேசையோடு இறுக்கும் பிடிகருவி, ஏமாற்றம். அதன் தண்டு மெலிந்தது. இறுக்கினால் மரத்தை அழுத்துவதற்கு முன் தானே வளைகிறது. உறுதியான கிளாம்ப் ஒன்றை முதல் நாளே வாங்கிவிடுவது நல்லது. கையால் பிடித்து வெட்டும்போது கைக்கும் பிளேடு இறங்கும் கோட்டுக்கும் இடையே குறைந்தது 150 மி.மீ., அதாவது ஆறு அங்குலம் இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விதி. அந்த அளவை மேசையில் இரு பக்கமும் சிவப்புக் கோடாக வரைந்துவிட்டேன். கோட்டுக்குள் கை வர வேண்டிய வேலை எதுவானாலும் கிளாம்புக்கு உரியது. கிளாம்பாலும் பிடிக்க முடியாத அளவுக்குச் சிறிய துண்டு கைரம்பத்துக்கு உரியது. படச் சட்டம் செய்யும்போது கடைசியில் மிஞ்சும் குட்டைத் துண்டிலிருந்து இன்னும் ஒரு பக்கத்தை எடுத்துவிடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். அதற்கு இடங்கொடாமல், குட்டைப் பக்கங்களை முதலில், நீளமான சட்டத்திலிருந்தே அறுத்துக்கொள்ளும் வரிசையை வகுத்துக்கொண்டால் அந்தச் சங்கடமே எழாது. இடக்கையால் பிளேடுக்கு வலப்புறம் இருக்கும் மரத்தைப் பிடிப்பது, அதாவது கைகளைக் குறுக்கே போட்டுக்கொள்வது, எத்தனை அனுபவம் உள்ளவர்க்கும் தவறு.

ஒரே அளவில் பல துண்டுகள் வெட்ட, மரத்தின் முனை முட்டி நிற்கும் தடைக்கட்டை வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டை இருக்கும் பக்கத்து மரம்தான் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். பிடிக்காத பக்கத்தில் கட்டையை வைத்தால், அறுபட்ட துண்டு பிளேடுக்கும் கட்டைக்கும் நடுவே நகர வழியின்றி மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாத நிலை உண்டாகும்.

நம் ஊர் ஈரத்தில் சட்டங்கள் வளைவது இயல்பு. வளைந்த சட்டத்தை அதன் புடைத்த முதுகு ஃபென்ஸைத் தொடுமாறு வைத்து, அறுக்கும் கோட்டில் இடைவெளி இல்லை என்று உறுதி செய்துகொண்டு இறுக்க வேண்டும்; திருப்பி வைத்தால் பாதி அறுபட்டதும் பிளவு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். காவடிக்கோ பந்தலுக்கோ வட்டக் கட்டையும் மூங்கிலும் அறுப்பவர்கள் அவற்றை வெறும் கையால் பிடிக்கவே கூடாது. உருண்டையான பொருள் பல் பட்டதும் சுழலும், சுழலும்போது கையையும் பிளேடை நோக்கி இழுக்கும். ஆங்கில வி எழுத்து வடிவில் பள்ளம் வெட்டிய கட்டையில் படுக்கவைத்துக் கிளாம்பால் இறுக்கிய பிறகே தொட வேண்டும்.

மெராந்திச் சட்டம் எட்டடி, பத்தடி, பன்னிரண்டடி நீளத்தில் வருகிறது. இயந்திரத்தின் இரு பக்கமும் இழுத்து நீட்டும் கம்பிகள் கொடுத்திருக்கிறார்கள். அவை பத்தடிச் சட்டத்தின் எடைக்கு முன் நிற்பவை அல்ல. அப்போது வீட்டில் இருக்கும் யாரையாவது, பெரும்பாலும் பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளையை, மறுமுனையைப் பிடிக்கச் சொல்வது நம் வழக்கம். இந்த வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து. மனிதக் கை ஒரே உயரத்தில் நிற்காது. சற்று உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் அறுபடும் பிளவு நெரிந்து பிளேடு கவ்வப்படும். பிடித்திருப்பவர் உதவி செய்வதாக நினைத்து இழுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ரம்ப மேசையின் உயரத்துக்குச் சமமாக இரண்டு பெட்டிகளை மிச்சப் பலகையில் அடித்து இரு பக்கமும் வைத்துக்கொண்டால் செலவு மிகக் குறைவு.

நழுவும் தண்டுகள்தான் இந்த ரம்பத்தின் விற்பனைக் கவர்ச்சி. தண்டில்லாத பத்து அங்குல ரம்பம் சுமார் 130 மி.மீ. அகலத்தோடு நின்றுவிடும், இது சுமார் 300 மி.மீ. அகலப் பலகையையும் குறுக்கே அறுக்கிறது. ஆனால் இந்த வசதியோடு ஓர் ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. அகலப் பலகையில் தலையை முழுவதும் நம் பக்கம் இழுத்து, விசையை அழுத்தி, பிளேடு முழு வேகம் பெற்ற பின் பலகையின் முன்விளிம்பில் இறக்கி, ஃபென்ஸை நோக்கித் தள்ளி அறுக்க வேண்டும். சுழலும் பிளேடை மரத்தில் இறக்கிவிட்டு நம்மை நோக்கி இழுத்து அறுத்தால், பற்கள் மரத்தின் மேல் சக்கரம்போல் ஏறி ஓட, முழு ரம்பத் தலையும் நம் பக்கம் பாய்ந்து வரும். கைரம்பத்தை இழுத்துப் பழகியவர்களுக்கும் பழைய ரேடியல் ரம்பத்தில் வேலை கற்றவர்களுக்கும் இழுத்து அறுப்பதே கைவந்த பழக்கமாக இருக்கலாம். இதைச் சொல்ல வேண்டிய கையேடு, தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை. இந்த எச்சரிக்கை அதில் பொடி எழுத்தில், மற்ற எச்சரிக்கைகளுக்கு இடையே ஒரு வரியாக இருக்கிறது. படச் சட்டம் போன்ற குறுகிய மரத்துக்கு நழுவும் தேவையே இல்லை. தண்டுகளைப் பின்தள்ளித் திருகைப் பூட்டிவிட்டு, வெறுமனே மேலிருந்து இறக்கி அறுப்பதே பாதுகாப்பானது, வெட்டும் துல்லியமாக அமைகிறது. தண்டுகள் பின்புறம் நீட்டிக்கொண்டிருப்பதால் இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டி வைக்க முடியாது என்பதையும் ஒடுங்கிய போர்ச் உள்ளவர்கள் வாங்குமுன் அளந்துகொள்ள வேண்டும்.

விசையை விட்ட பின் நடப்பதே இந்த இயந்திரத்தின் பெருங்குறை. மின் பிரேக் உள்ள ரம்பங்களில் பிளேடு சில விநாடிகளில் நின்றுவிடுகிறது. இதில் பிரேக் இல்லை. பிளேடு தன் வேகத்திலேயே ஓடி ஓடி அடங்குகிறது, பத்து விநாடி வரை ஆகிறது. பத்து விநாடி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அறுத்து முடிந்ததும் துண்டை எடுக்கக் கை தானாகவே நீள்வது அந்தப் பத்து விநாடிக்குள்தான். மோட்டார் ஓசை நின்றுவிட்டதால் பிளேடும் நின்றுவிட்டது என்று காது நம்மை ஏமாற்றுகிறது. பிரேக் இல்லாத குறையை ஒழுங்கால்தான் ஈடுகட்ட முடியும்: அறுத்து முடிந்ததும் விசையை விட வேண்டும், தலையைக் கீழேயே வைத்திருக்க வேண்டும், பிளேடு முற்றிலும் நின்ற பிறகே மேலே தூக்க வேண்டும். சுழலும்போதே தூக்கினால், தளர்ந்து கிடக்கும் துண்டைப் பின்பக்கப் பற்கள் கவ்வி எறியும். அறுக்கத் தொடங்கும்போதும் இதற்கு இணையான பொறுமை வேண்டும். முழு வேகம் வருமுன் மரத்தைத் தொட்டால் முதல் பல்லே கவ்வி உதைக்கும்.

பாராட்ட வேண்டியது பிளேடின் கீழ்மூடி. தலை இறங்க இறங்கத் தானாக விலகி, உயர்த்தியதும் உடனே மூடிக்கொள்ளும் அதன் சுருள்வில் உறுதியாக இருக்கிறது, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கும் கோட்டை மறைக்கவில்லை. மூடி தொல்லை தருகிறது என்று கம்பியால் கட்டிவைத்து வேலை செய்யும் பட்டறைகளைப் பார்த்திருப்போம். பிரேக் இல்லாத இயந்திரத்தில் அது மன்னிக்க முடியாத செயல். மழைக்காலத்தில் ஈரமான மரத்தூள் மூடியின் உள்ளே அப்பிக்கொண்டு அதைத் தயங்கச் செய்யும். மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, தலையை ஒருமுறை இறக்கி ஏற்றிப் பார்த்து, தூளைத் தூரிகையால் தட்டிவிட்ட பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது.

உடன் வரும் 40 பல் பிளேடை மெராந்தி வெட்ட வைத்துக்கொள்ளலாம். படச் சட்டத்துக்கு 80 பல் பிளேடு வேண்டும். வாங்கும்போது பல்லின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது; பல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் முக்கியம். நீளவாக்கில் பலகை கிழிக்கும் மேசை ரம்பத்துக்கு 15, 20 பாகை சாய்வுள்ள பற்கள் ஏற்றவை, ஏனெனில் அவை மரத்தை ஆவலோடு இழுத்துக்கொள்ளும். அதே பிளேடை நழுவும் மைட்டர் ரம்பத்தில் மாட்டினால் அந்த ஆவல் நம் கைக்கு எதிராகத் திரும்பும். பூஜ்யத்துக்கு அருகில், அல்லது பின்சாய்வாக ஐந்து பாகை உள்ள பிளேடையே மைட்டர் ரம்பத்துக்கென்று கேட்டு வாங்க வேண்டும். நடுத்துளை 25.4 மி.மீ.யா 30 மி.மீ.யா என்பதையும், பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் கூடுதலா என்பதையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். மாற்றும்போது செருகி சுவரில் இருக்கக் கூடாது. நடு ஆணி பெரும்பாலான ரம்பங்களில் இடமரையுடையது, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் தளரும். தெரியாமல் எதிர்த்திசையில் முழுப் பலத்தையும் காட்டுபவர்கள் மரையை உடைத்துவிடுகிறார்கள். பிரித்தெடுத்த செங்கால் தூண்களை அறுக்குமுன் காந்தத்தால் தடவிப் பார்ப்பது அவசியம். தலை உடைந்து உள்ளே புதைந்த ஓர் ஆணி போதும், கார்பைடு பல் பெயர்ந்து முகத்தை நோக்கி வருவதற்கு.

கோணத்தைப் பொறுத்தவரை, திருப்பும் மேசை 45 பாகையில் நிற்பதற்கான பள்ளத்தில் கச்சிதமாக விழுகிறது, ஆனால் அந்தப் பள்ளமே அரைப் பாகை விலகியிருந்தது. நான்கு மூலைச் சட்டத்துக்கு எட்டு வெட்டு. அரைப் பாகைப் பிழை எட்டு முறை சேர்ந்தால் கடைசி மூலையில் நான்கு பாகை வாய் பிளக்கும். ஃபென்ஸின் திருகாணிகளைத் தளர்த்தி மூலைமட்டத்தால் சரிசெய்ய முடிந்தது. 31.6 பாகையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. அது அமெரிக்க வீடுகளில் சுவரும் உட்கூரையும் சேரும் இடத்தில் பதிக்கும் மரச் சட்டங்களுக்கானது. அந்த இடத்தைப் பிளாஸ்டர் வார்ப்பால் அலங்கரிக்கும் நம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் அதற்கு வேலை இல்லை. வெட்டும் இடத்தைக் காட்டும் லேசர் கோடு பகல் வெளிச்சத்தில் போர்ச்சில் தெரிவதில்லை.

மின்செருகியைப் பற்றி இறக்குமதி இயந்திரங்களை வாங்குபவர்களுக்கு ஒரு சொல். இணையக் கடையில் வாங்கியதில் இரண்டு முனைச் செருகி இருந்தால், நம் சுவர்த்துளைகளில் மேலுள்ளதைப் பேனாவால் குத்தித் திறந்து திணிக்கும் பழக்கத்தை இங்கே காட்ட வேண்டாம். 1800 வாட் என்பது 230 வோல்ட்டில் ஏறக்குறைய எட்டு ஆம்பியர்; தளர்ந்து நிற்கும் முனை சூடேறி உருகும். மலேசியத் தர நிறுவனமான சிரிமின் முத்திரையுள்ள, 13 ஆம்பியர் உருகியுடைய மூன்று முனைச் செருகியோடு விற்கும் கடையில் வாங்குவது நல்லது. நீட்டிப்பு வயரைச் சுருளாகவே வைத்து ஓட்டினாலும் அது சூடேறும், முழுவதும் அவிழ்த்துவிட வேண்டும்.

தூள் பை பேருக்குத்தான். பாதித் தூளுக்குமேல் பின்புறச் சுவரிலும் துணிக்கொடியிலும் படிகிறது. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் சேர்த்தது. ஆகவே குழாய் பொருத்திய தூசியுறிஞ்சியும் மூக்கை இறுக்கமாக மூடும் முகக்கவசமும் ஆடம்பரம் அல்ல. ஓசையும் அப்படியே. மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் பணியிட ஓசை விதிமுறைகள் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. வீட்டுக்கு அந்த விதி பொருந்தாவிட்டாலும் காது அதே காதுதான், இந்த ரம்பமோ 90 டெசிபலைத் தாண்டுகிறது. காதுமூடியும் பக்கங்களும் மறைந்த கண்ணாடியும் அணிந்துகொள்ள வேண்டும். கையுறை மட்டும் வேண்டாம், அதன் நுனியைப் பல் பற்றினால் விரலையும் சேர்த்தே இழுக்கும். அதேபோல் கைலி கட்டிக்கொண்டும், ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டும், மணிக்கட்டில் கோயில் கயிற்றின் நுனி தொங்கிக்கொண்டும் இந்த இயந்திரத்தின் முன் நிற்கக் கூடாது. கயிற்றை அவிழ்க்க மனமில்லாதவர்கள் நுனியைக் கத்தரித்து, மேலே இறுக்கமான கைப்பட்டை போட்டுக்கொள்ளலாம்.

பிளேடு, கிளாம்ப், செருகி, பலகை எல்லாம் சேர்த்தால் விலை 900 ரிங்கிட்டை நெருங்குகிறது. அந்தத் தொகையைக் கையில் வைத்திருப்பவர், வேலை பெரும்பாலும் சட்டமும் குறுகிய பலகையும்தான் என்றால், நழுவும் தண்டு இல்லாத, மின் பிரேக் உள்ள, உதிரிப்பாகம் ஈப்போவிலேயே கிடைக்கும் ஓர் இயந்திரத்தைத் தேடுவது மேல். அகலப் பலகை அவசியம் என்பவர்கள் இதை வாங்கலாம். ஆனால் பணம் கொடுக்குமுன் ஃபென்ஸின்மேல் நேர்கோலை வைத்துப் பார்க்கவும், தண்டுகளை முழுவதும் இழுத்துத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கவும் கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள், மோட்டாரில் தேய்ந்தால் மாற்ற வேண்டிய கார்பன் பிரஷ் தனியாக விற்கிறாரா என்றும் கேளுங்கள். பெட்டியைப் பிரிக்க மறுக்கும் கடையில் இந்த வகை ரம்பத்தை வாங்க வேண்டாம்.